வேகமான நால்வரைத் தேடாதீர்கள்: நம்மூர் ஓட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று ஊர் ஊராக விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடுகிற, சைக்கிள் மிதிக்கிற குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

கொஞ்ச நாளாக உங்கள் வாட்ஸப் குழுக்களில் அட்வெஞ்சர் ரேஸ் பற்றிய பேச்சு அடிபடுகிறது: வரைபடத்தைப் பார்த்து, நடந்தும் சைக்கிள் மிதித்தும் துடுப்புப் போட்டும் அணியாகவே போகிற நீண்ட போட்டி. புனே பக்கம் சஹ்யாத்ரி மலையில் நடக்கிற போட்டிக்கு ஓர் அணி அனுப்பலாமா, அடுத்த வருஷம் வெளிநாட்டில் ஒன்றுக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். மாரத்தானைத் தாண்டி நம் ஆட்கள் யோசிக்க ஆரம்பித்திருப்பதே பெரிய விஷயம். ஆனால் அணி சேர்க்கிற விதத்தைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. முதல் கேள்வியே "யாரெல்லாம் ஃபுல் மாரத்தான் மூன்றரை மணி நேரத்துக்குள்ள?" என்பது. அதில் மூன்று ஆண்கள் தேறியதும் அடுத்த செய்தி வரும்: "மிக்ஸ்டு டீம், ஒரு பொண்ணு வேணும், யாராச்சும் இருக்காங்களா?" அப்படிப்பட்ட அழைப்பு எனக்கும் வந்திருக்கிறது. போயிருக்கிறேன். அந்த மாதிரி சேர்ந்த அணி எந்த இடத்தில், எந்த நேரத்தில் உடையும் என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நாலு பேரை ஒன்றாகப் பழக்குங்கள், அதற்குப் போதுமான மாதங்களைக் கொடுங்கள். அப்புறம் போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்காகப் போட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983-இல் ராபின் ஜட்கின்ஸ் நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு கடற்கரையில் தொடங்கி மறு கடற்கரையில் முடியும் 'கோஸ்ட் டு கோஸ்ட்' போட்டியை ஆரம்பித்தார்: ஓட்டம், சைக்கிள், கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு. 1989-இல் ஜெரார் ஃபியூசில் என்ற பிரெஞ்சுக்காரர் அதே நாட்டில் 'ரெய்ட் கோல்வாஸ்' நடத்தியபோதுதான் அணி என்கிற அம்சம் உள்ளே வந்தது. ஐந்து பேர், அதில் ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும். 1995-இல் அமெரிக்காவின் யூட்டாவில் மார்க் பர்னெட் தொடங்கிய 'ஈகோ-சேலஞ்ச்' இதை டிவி வழியாக உலகத்துக்கே காட்டியது. இன்றைய உலக சாம்பியன்ஷிப்பில் ஆணும் பெண்ணும் கலந்த நால்வர் அணிதான். பல நூறு கிலோமீட்டர், இரவு பகல் நிற்காமல் ஓடும் கடிகாரம், கையில் காகித வரைபடமும் திசைகாட்டியும், ஜிபிஎஸ்ஸுக்குத் தடை. நம் நாட்டில் புனேயைச் சுற்றி 2003-இல் தொடங்கிய 'எண்டியூரோ3' மூன்று பேர் அணிகளை வைத்து நடந்த போட்டி. இந்தியாவில் பலருக்கு இந்த விளையாட்டின் முதல் ருசி அங்கேதான் கிடைத்தது.

இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற விதி ஒன்று உண்டு. அணியினர் ஒன்றாகவே போக வேண்டும். பல போட்டிகளில் ஒருவருக்கொருவர் 100 மீட்டருக்கு மேல் விலகக் கூடாது. பாதையில் குறித்து வைத்திருக்கும் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நாலு பேரும் சேர்ந்து நின்றால்தான் கணக்கு. ஒருவர் விலகினால் மீதிப் பேர் முடித்தாலும் அணிக்குத் தரவரிசை கிடையாது. மாரத்தானில் உங்கள் நேரம் உங்களுடையது. இங்கே நாலாவது ஆளின் நேரம்தான் எல்லோருடைய நேரமும்.

அந்த நாலாவது ஆள் யார் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதை நம் குழுக்கள் இன்னும் உணரவில்லை. காலையில் மலையேறும்போது ஒருவர் பின்தங்குவார். மதியம் வெயிலில் இன்னொருவர் சுருண்டுவிடுவார். கயாக்கில் ஏறியதும் அதுவரை முன்னால் ஓடியவரின் தோள் நின்றுவிடும். விடிகாலை மூன்று மணிக்கு, எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்தவரே உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார். அணிக்குள் பலவீனம் கை மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் போட்டியில் நாலு பேருக்குமே ஒரு முறையாவது அந்த முறை வந்துவிடும். அப்போது மற்ற மூவரும் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் போட்டி இருக்கிறது. அதற்கு எந்த மாரத்தான் சான்றிதழும் உதவாது.

சஹ்யாத்ரியில் நடந்த ஒரு போட்டியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மலையடிவாரத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம், அதுதான் நடையிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடம். நள்ளிரவு தாண்டிவிட்டது. நம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அணி உள்ளே நுழைந்தது. நால்வருமே நல்ல ஓட்டக்காரர்கள். மூவர் நேரே சைக்கிளைத் தயார் செய்யப் போய்விட்டார்கள். நாலாமவர் வராந்தாப் படியில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்தார். விரல் நடுங்குகிறது, உறையைப் பிரிக்க முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார், அதுவும் கிழியவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலடி தூரத்தில் நின்ற மூவரில் ஒருவர் வாட்சைப் பார்த்தார், ஒருவர் "ஓகேவா ப்ரோ?" என்றார். இவர் "ஒண்ணுமில்ல, போலாம்" என்றார். பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை. அந்த இடத்திலேயே அணி விலகிவிட்டது. சூடாக ஒரு டீ, உப்புப் போட்ட சாப்பாடு, ஒரு மணி நேரத் தூக்கம், பையிலிருந்த எடையை மற்றவர்கள் பிரித்துக்கொள்வது, இவ்வளவு செய்திருந்தால் விடியும்போது அவர் சைக்கிளில் இருந்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர்களுக்குப் பின்னால் நடுத்தர வயதைத் தாண்டிய நால்வர் கொண்ட அணி வந்தது. வேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. வந்ததும் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் எட்டு பாட்டிலையும் அள்ளிக்கொண்டு குழாய்க்குப் போனார். ஒருவர் அடுத்த வரைபடத்தைத் தரையில் விரித்து டார்ச்சைப் பிடித்தார். மற்ற இருவரும் ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, பவுடர் போட்டு, காய்ந்த சாக்ஸ் மாட்டினார்கள்; முடிந்ததும் இடம் மாறிக்கொண்டார்கள். ஒருவர் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் இருந்தவர் புளிச்சோற்று உருண்டையைக் கையில் திணித்து, அவர் விழுங்கும் வரை நின்றார். நால்வரும் சேர்ந்து கிளம்பிப் போனார்கள்.

அந்தப் பழக்கம் மைதானத்தில் ஓடி வருவதில்லை. சேர்ந்து பயிற்சி செய்து வருவது. எனவே உங்கள் அட்டவணையைக் கொஞ்சம் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். வாரம் முழுக்க அவரவர் ஓடட்டும், மிதிக்கட்டும், அதில் குறையில்லை. மாதம் ஒரு முறையாவது அதே நால்வர், அதே பையும் எடையுமாக, இரவு பத்து மணிக்குக் கிளம்பி விடியும் வரை போகட்டும். நடுவில் ஓரிடத்தில் நடையிலிருந்து சைக்கிளுக்கு மாறட்டும். மாறும் இடத்தில் யார் தண்ணீர், யார் வரைபடம், யாருடைய பையில் சைக்கிள் திருகு முடுக்கும் ஆலன் கீ, யாரிடம் பஞ்சர் கிட் என்பது கேட்காமலே தெரிய வேண்டும். ஆலன் கீ ஒரு பையில், அது தேவைப்படும் சைக்கிள் இன்னொருவரிடம் என்று அரை மணி நேரம் போவதை எத்தனையோ அணிகளில் பார்க்கலாம்.

கயிறு கட்டி இழுக்கிற பயிற்சியும் வேண்டும். பலமாக இருப்பவரின் பையிலிருந்து ஓர் எலாஸ்டிக் கயிறு, பின்னால் வருபவரின் இடுப்புக்கு. மலையேற்றத்தில் அந்தச் சின்ன இழுப்பு ஆளையே மாற்றிவிடும். சைக்கிளிலும் இழுப்பார்கள், சிலர் நாய்க்குக் கட்டுகிற, தானாகச் சுருண்டுகொள்ளும் பட்டையை சீட்டுக்கு அடியில் மாட்டி வைத்திருப்பார்கள். உலகத்தின் மிகச் சிறந்த அணிகளே வெட்கப்படாமல் இதைச் செய்கின்றன. நம் ஆட்களுக்குக் கயிறு மாட்டுவதில் இருக்கிற தயக்கம் உடம்பில் இல்லை, கௌரவத்தில் இருக்கிறது. இழுக்கப்படுவது அவமானம் என்று நினைப்பவரை அணியில் வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. பயிற்சியின்போதே நால்வரும் மாறி மாறி இழுக்கட்டும், இழுக்கப்படட்டும்.

அதே மாதிரி "ஓகேவா?" என்ற கேள்வியை உங்கள் குழுவில் நிறுத்துங்கள். அதற்கு நம்மூரில் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்ல". அதற்குப் பதிலாக மணிக்கொரு தடவை நாலு கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டாய்? எவ்வளவு தண்ணீர் குடித்தாய்? சிறுநீர் கடைசியாக எப்போது, என்ன நிறம்? காலில் எங்காவது உரசுகிறதா? இவற்றுக்கு "ஒண்ணுமில்ல" என்று பதில் சொல்ல முடியாது. உரசுகிற இடத்தில் அப்போதே டேப் ஒட்டினால் இரண்டு நிமிஷம். கொப்புளம் உடைந்த பிறகு என்றால் போட்டியே போய்விடும்.

இனி பெண்களைப் பற்றி. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. விதிக்காக ஒரு பெண்ணைச் சேர்ப்பது, பயிற்சிக்கு அவளைக் கூப்பிடாதது, கடைசி வாரம் ஜெர்சி சைஸ் மட்டும் கேட்பது: இதை உங்களில் பலர் தப்பென்றே நினைப்பதில்லை. நான் ஆடிய ஓர் அணியில், வரைபடம் படிக்க எனக்குத்தான் நன்றாக வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வரைபடம் கேப்டன் கையை விட்டு இறங்கவே இல்லை. முதல் ஏற்றத்திலேயே நான் கேட்காமல் என் பையை வாங்கிக்கொண்டார்கள். அன்பாகத்தான் செய்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பை கொடுத்துவிட்ட ஆளின் பேச்சுக்கு அதன் பிறகு அணியில் எடை இருக்காது. இடதுபக்கப் பள்ளத்தாக்கு தவறு என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எடையைப் பிரிப்பது தேவையைப் பார்த்து இருக்க வேண்டும், ஆணா பெண்ணா என்று பார்த்து இல்லை. நீண்ட போட்டிகளில் இரண்டாம் இரவுக்குப் பிறகு நிதானமாக நடந்துகொண்டிருப்பது பல அணிகளில் பெண்ணாகவே இருப்பதையும் கவனியுங்கள். 2019-இல் பிஜித் தீவுகளில் நடந்த ஈகோ-சேலஞ்சில் 30 நாடுகளிலிருந்து 66 அணிகள் 671 கிலோமீட்டர் பாதையில் இறங்கின. இந்தியாவிலிருந்து போன 'குக்குரி வாரியர்ஸ்' அணியின் முகமாக இருந்தவர்கள் எவரெஸ்ட் ஏறிய இரட்டைச் சகோதரிகள் தாஷி மாலிக்கும் நுங்ஷி மாலிக்கும்தான். உங்கள் குழுவில் பெண் ஓட்டக்காரர்களிடம் முதல் நாளே போய், "ஓர் அணியைக் கட்டலாமா?" என்று கேளுங்கள். கேப்டன் பொறுப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதே பிஜிப் போட்டியில் இன்னொரு அணியும் இருந்தது. அமெரிக்காவின் மார்க் மேசி பழைய ஈகோ-சேலஞ்ச் ஆட்டக்காரர். அல்சைமர் நோய் இருப்பது தெரிந்த பிறகு, மகன் டிராவிஸோடு ஒரே அணியில் இறங்கினார். சின்னச் சின்ன வேலைகளில்கூட மகனும் மற்றவர்களும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். அந்த அணி ஜெயிக்க வரவில்லை. ஆனால் இந்த விளையாட்டின் அடிப்படை எனக்கு அவர்களைப் பார்த்தபோதுதான் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

சரி, வரைபடத்துக்கு வருகிறேன். நம் குழுக்களின் பெரிய ஓட்டை இதுதான். கார்மின் வாட்ச் சொல்கிற பாதையில் ஓடிப் பழகிவிட்டோம். போட்டியில் அதைக் கழற்றி வாங்கிவிடுவார்கள், இல்லையென்றால் ஜிபிஎஸ் இல்லாத சாதாரண வாட்ச்தான் கட்ட விடுவார்கள். போனை ஒரு பையில் போட்டு முத்திரை வைத்துவிடுவார்கள். அவசரம் தவிரப் பிரித்தால் அணி வெளியே. கையில் இருப்பது 1:50,000 அளவிலான வரைபடம். அதில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. உயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமம். கோடுகள் மேல்பக்கம் நோக்கி வளைந்தால் பள்ளம், கீழ்ப்பக்கம் நோக்கி வளைந்தால் முகடு. இது ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். ஆனால் இரவில், மழையில், தூக்கக் கலக்கத்தில் அதை நிலத்தோடு பொருத்திப் பார்ப்பதற்கு மாதக்கணக்கில் பழக வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் ஓப்பன் சீரிஸ் வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் ஊர்த் தாளை இறக்கி, அச்சிட்டு, பக்கத்துக் கரட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்தின் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் போதும்: 5 கி.மீ. நடக்க ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நம் வெயிலுக்கும் முள்ளுக்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிஜியில் ஜெயித்த நியூசிலாந்து அணிக்கு வழி காட்டிய கிறிஸ் ஃபோர்ன், வரைபடம் வைத்து ஆடும் ரோகெய்ன் போட்டியிலும் உலக அளவில் ஜெயித்தவர். அந்த அணி மற்றவர்களை விட வேகமாக ஓடியது என்பதைக் காட்டிலும் மற்றவர்களை விடக் குறைவாக வழி தவறியது என்பதே பொருத்தம்.

வரைபடம் ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அந்த ஒருவர் தூங்கும்போது அணி குருடாகிவிடும். ஒருவர் வழி காட்ட, இன்னொருவர் அதைக் கூடவே சரிபார்க்க வேண்டும். தூக்கத்தைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து நாள் போட்டிகளில் முன்னணி அணிகள் இரவுக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் தூங்குகின்றன. நீங்கள் அதை நகல் எடுக்க வேண்டாம். இரண்டாம் இரவில் பாறை பஸ்ஸாகத் தெரியும், புதர் உட்கார்ந்திருக்கும் ஆளாகத் தெரியும். அது நடக்கத்தான் செய்யும். இருபது நிமிஷத் தூக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை இரவுப் பயிற்சியிலேயே கண்டுபிடித்து வையுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: போட்டி முடிந்ததும் அதில் ஓடியவர்களே கார் ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பக் கூடாது. ஒரு டிரைவரை ஏற்பாடு செய்யுங்கள். காசு இல்லையென்றால் ரயிலில் போங்கள்.

சாப்பாட்டுக்கு வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகளை நம்பி இருக்காதீர்கள். பத்து மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பைப் பார்த்தாலே குமட்டும், உப்புக்கும் புளிப்புக்கும் நாக்கு ஏங்கும். புளிச்சோறு, எள்ளுருண்டை, பொரிவிளங்காய், உப்புக்கடலை, மோர் மிளகாய், எல்லாம் நம்மிடமே இருக்கிறது. மணிக்கு 200 முதல் 300 கலோரி உள்ளே போனால் போதும், பசிக்கும் வரை காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், குழப்பம் என்று போய்விடும்.

கயாக் பழக நம்மிடம் நீர் உண்டு: சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காடு, கோவளம். ஆனால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது, நீச்சல் சாம்பியனாகவே இருந்தாலும் சரி. மலையில் மிதிக்க ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டின் 20, கொல்லிமலையின் 70 இருக்கின்றன.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இனி சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் 172 பேர் கிளம்பினார்கள். உயரமான இடத்தில் திடீரென ஆலங்கட்டி மழையும் குளிர்காற்றும் அடித்தது. 21 பேர் உடல் வெப்பம் குறைந்து இறந்துபோனார்கள். நாட்டின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் அதில் ஒருவர். காற்றுத் தடுப்பு ஜாக்கெட் அந்தப் போட்டியின் கட்டாயப் பொருள் பட்டியலில் இல்லை. பலர் டீ-ஷர்ட், அரைக்கால் சட்டையோடு மேலே இருந்தார்கள். கட்டாயப் பொருள் பட்டியலைப் பார்த்து "இதெல்லாம் வீண் எடை" என்று முணுமுணுக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மழை ஜாக்கெட், வெப்பப் போர்வை, விசில், ஆளுக்கொரு டார்ச், மாற்று பேட்டரி, முதலுதவி: பயிற்சியிலும் இவை பையில் இருக்க வேண்டும். ஊட்டியிலும் வால்பாறையிலும் ஜூலை மழையில் நனைந்து நின்றவர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை.

2004-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த பிரைமல் குவெஸ்ட் என்ற அட்வெஞ்சர் ரேஸில் ஆஸ்திரேலியாவின் நைஜல் எய்லாட் பாறை உருண்டு விழுந்து இறந்தார். அனுபவமும் திறமையும் நிறைந்தவர். செங்குத்தான சரிவில் ஓர் அணிக்கு நேர் கீழே இன்னோர் அணி இறங்கக் கூடாது என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

2000-இல் போர்னியோவின் சபாவில் நடந்த ஈகோ-சேலஞ்சுக்குப் பிறகு வீடு திரும்பிய வீரர்கள் நாடு நாடாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். எலிக்காய்ச்சல். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் விசாரித்த 189 பேரில் 80 பேருக்கு நோய் இருந்ததாகக் கணித்தார்கள். 29 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், யாரும் இறக்கவில்லை. செகாமா ஆற்றில் நீந்தியதுதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. நம்மூர் ஏரி, குட்டை, மழைவெள்ளம் எல்லாவற்றிலும் இந்த நோய்க்கு இடம் உண்டு. காலில் புண்ணோடு கலங்கிய நீரில் இறங்கியவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் நீரில் இறங்கியதைச் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

நம் வீட்டு வாசலில் நடந்தது குரங்கணி. 2018 மார்ச் 11. தேனி மாவட்ட மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளை அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வழிகாட்டியோடு திறந்துவிட்டது. அனுமதி வாங்கிப் பகலில் போக அவை போதும். இரவுப் பயிற்சிக்குத் திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் நுழைவதை, தயவுசெய்து, உங்கள் குழு பெருமையாகப் படம் போடும் விஷயமாக ஆக்காதீர்கள். யானைக்கும் தீக்கும் நம் ஃபிட்னஸ் தெரியாது. ஒருவர் அப்படிப் போய் மாட்டினால், மிச்சம் எல்லோருக்கும் கதவு இன்னும் பல வருஷம் சாத்தப்படும்.

கருவி பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுப் போட்டிகளில் ஒவ்வோர் அணியிடமும் சாட்டிலைட் டிராக்கர் இருக்கும், பொத்தானை அழுத்தினால் உதவி கிளம்பும். அதைப் பார்த்துவிட்டு சாட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் கருவிகளை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே பயணிகள் மாட்டியிருக்கிறார்கள். எனவே இங்கே பயிற்சிக்குப் போகும்போது பழைய முறைதான்: போகும் பாதை வரைந்த வரைபடத்தின் ஒரு நகலும், திரும்ப வேண்டிய நேரமும் ஊரில் பொறுப்பான ஒருவரிடம். அந்த நேரம் தாண்டினால் அவர் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் எழுத்தில்.

இத்தனையும் சொன்ன பிறகு, எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். ரோகெய்னில் தொடங்கலாம் என்பது என் யோசனை. 1976-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த விளையாட்டு. ஒரு வரைபடம், அதில் சிதறிக் கிடக்கும் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். குறித்த நேரத்துக்குள் அணியாகப் போய் முடிந்தவரை சேர்க்க வேண்டும், தாமதமாக வந்தால் மதிப்பெண் கழியும். எந்த வரிசையில் போவது என்பதை அணியே முடிவு செய்யும். முழுப் போட்டி 24 மணி நேரம். நாம் ஆறு மணி நேரத்தில் தொடங்கலாம். இதற்குக் காடு தேவையில்லை. ஏரிக்கரை, கரடு, பனந்தோப்பு, கோயில் குளம், கல்குவாரியைத் தவிர்த்த பாறைக் குன்றுகள், நம் கிராமங்களில் இதெல்லாம் தாராளமாக இருக்கிறது. பஞ்சாயத்துத் தலைவரிடம் அனுமதி, நிலத்துக்காரர்களிடம் முன்பே ஒரு வார்த்தை, பயிர் நிற்கும் வயலுக்கு வரைபடத்தில் சிவப்புக் கோடு, மதியச் சாப்பாடு அந்த ஊர் மகளிர் குழுவிடம். கயாக், கயிறு, விலையுயர்ந்த சைக்கிள் எதுவும் வேண்டாம். பேருந்தில் வந்து இறங்குகிற கல்லூரி மாணவியும் ஆடலாம்.

குழுக்கள் சேர்ந்து பொதுவாகச் சில பொருட்கள் வாங்கி வைத்தால் இன்னும் நல்லது: திசைகாட்டிகள், லைஃப் ஜாக்கெட்டுகள், வெப்பப் போர்வைகள், இழுக்கும் கயிறுகள். இந்த விளையாட்டு பணக்காரர்களுடையதாக ஆவதற்குக் காரணமே ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்க வேண்டியிருப்பதுதான். ஜெர்சி அச்சிடுகிற செலவை ஒரு வருஷம் நிறுத்தினாலே பாதி வந்துவிடும்.

முதல் ரோகெய்னைப் பொங்கல் கழிந்து வரும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால் நடத்தலாம். கோவையைச் சுற்றிய தாள்களில் புள்ளிகள் குறித்து வரைபடம் தயாரித்துத் தர நான் தயார். முந்தின வாரமே வந்து, வரைபடம் படிக்க இரண்டு மணி நேர வகுப்பும் எடுக்கிறேன். நாலு பேராகப் பெயர் கொடுங்கள், ஓட்ட நேரம் எதுவும் எழுத வேண்டாம். ஒரு குழுவிலிருந்து எத்தனை அணி வந்தாலும் சரி. தேதியையும் ஊரையும் உங்களுக்குள் பேசி முடிவு செய்து சொல்லுங்கள். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து, உங்களோடு ஓடுகிற ஒருத்தி